மேலங்கியா, மொட்டைத் தலையா? ஹாலோவீன் காட்டேரிக்கு இரண்டு வழிகள்

ரொறன்ரோவில் ஒக்டோபர் 31 மாலை, ஹாலோவீனுக்கு வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய்க் கிண்ணத்தோடு கதவைத் திறப்பவரும் வேடமிட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சட்டம். எனக்கு வாய்த்தது இரத்தக் காட்டேரி. முதல் வருடம் ஓர்லொக் பிரபுவாக நின்றேன். அடுத்த வருடத்திலிருந்து டிராகுலாதான்.

ஓர்லொக், 1922இல் வந்த ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப்படத்தின் காட்டேரி. மொட்டைத் தலை, கூர்க்காது, நீண்ட நகம், இறுக்கமான கோட்டு. பற்களும் எலிக்கு இருப்பதுபோல முன்னால் நீண்டிருக்கும். டிராகுலா என்றதும் நினைவுக்கு வருபவர் 1931 படத்தின் பேலா லுகோசி: படிய வாரிய தலை, விருந்துக் கோட்டு, மேலங்கி. 1897இல் வந்த மூல நாவலிலோ அவர் வெள்ளை மீசை வைத்த கிழவர். அந்த வேடத்தில் நின்றால் யாருக்கும் அடையாளம் தெரியாது. பயமுறுத்துவதில் ஓர்லொக்கை மிஞ்ச முடியாது, அதில் வாதமில்லை.

ஆனால் என்னை மாற்றியது பசை.

தலையை மொட்டையாகக் காட்டும் தொப்பி மெல்லிய லேடெக்ஸ் ரப்பர். முடியை ஜெல் போட்டுப் படியவைத்து, நெற்றியில் ஒட்டி, பிறகு பிடரியிலும் காதோரத்திலும் ஒட்டி, விளிம்பு தெரியாமல் பூசி மறைக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. உள்ளே வியர்க்க வியர்க்கப் பசை விட்டுக்கொடுத்தது. குனிந்து நிமிரும் பிடரிதான் முதலில் கிளம்பியது. எட்டு மணிக்கு அப்பளத்தின் ஓரம்போலச் சுருண்டு நின்றது. நீண்ட நகங்களால் மிட்டாயை எடுக்க முடியவில்லை. ஒரு சிறுமி, நான் வேற்றுக்கிரகவாசியா என்று மரியாதையாகக் கேட்டாள்.

கழற்றியதுதான் உண்மையான திகில். பசைநீக்கி வாங்க மறந்திருந்தேன். இழுத்தபோது புருவத்தில் பாதி போனது. மறுநாள் நெற்றியில் சிவப்புப் பட்டையும் காதுமடிப்பில் வெள்ளைப் பூச்சுமாக வேலைக்குப் போனேன். கிழிந்த தொப்பி குப்பைக்குப் போயிற்று. அடுத்த வருடமும் இதே வேடம் என்றால் தொப்பி, பசை எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். கைதேர்ந்த ஒப்பனைக் கலைஞர் செய்தால் இவ்வளவு மோசமாக இருக்காது; குளியலறைக் கண்ணாடி முன் தனியாகப் போராடியவனின் தீர்ப்பு இது.

டிராகுலாவுக்கு ஒட்டவேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. பழைய துணிக்கடையில் வாங்கிய கறுப்புக் கோட்டை உடம்புக்கு ஏற்றபடி தைத்துக்கொண்டேன். வருடத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் அது அலமாரியில் தொங்குகிறது. பணத்தையும் நேரத்தையும் மேலங்கியின் காலரில் போடுங்கள். 1924இல் இங்கிலாந்து நாடக மேடையில், டிராகுலா பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று மேடைத் தரையின் பொறிக்கதவு வழியே மறையும்போது தலையை மறைக்கவே அந்த உயரக் காலர் வந்தது என்பார்கள். எனவே அது பின்தலைவரை நிமிர்ந்து நிற்க வேண்டும். கடையில் விற்பவை பெரும்பாலும் துவண்டு விழுபவை. போட்டால் பொன்னாடை போர்த்தியது போலிருக்கும். நான் உள்ளே தையற்காரர் விறைப்புக்கு வைக்கும் பக்ரம் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன். இன்றுவரை சாயவில்லை.

இந்த ஊர்க் குளிருக்கும் மேலங்கிதான் உகந்தது. உள்ளே தடித்த ஸ்வெட்டர் போட்டாலும் வெளியே தெரியாது. ஓர்லொக்கின் இறுக்கமான கோட்டில் அதற்கு இடமில்லை.

முகத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம். உங்கள் நிறத்தைவிட ஓரிரு படி வெளிறிய பூச்சு, கண்குழியில் சாம்பல் நிழல், மேலே பவுடர் போதும். பவுடர் போடாவிட்டால் சட்டைக் காலர் பாழ். கழுத்தையும் கைகளையும் மறந்துவிடாதீர்கள்.

பற்கள் கட்டாயமில்லை. 1931 படத்தில் லுகோசிக்கே கோரைப்பல் கிடையாது! வேண்டுமென்றால், வாய் நிறைய அடைக்கும் பிளாஸ்டிக் பல்வரிசையை விட்டுவிடுங்கள். பேச்சு வராது, எச்சில் வரும். தனித்தனிக் கோரைப்பற்களோடு வரும் பிளாஸ்டிக் மணிகளை வெந்நீரில் இளக்கி, அந்தப் பொய்ப்பல்லின் உள்ளே அடைத்து, சொந்தப் பல்லில் அழுத்தினால் அச்சாகப் பொருந்தும். சாப்பிடும்போது கழற்றிச் சிறு பெட்டியில் வைக்கிறேன். பல்லில் கம்பியோ செயற்கை உறையோ இருப்பவர்கள் முதலில் பல் வைத்தியரைக் கேளுங்கள். எனக்கு இரண்டும் இல்லை, ஆகவே அனுபவம் பேசவில்லை. சிவப்புக் கண்வில்லைகளையும் நான் தொடவில்லை. கண் மருத்துவர் அளவெடுத்துத் தராத வில்லையைக் கண்ணுக்குள் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இந்த வருடம் அக்காவின் மகன் ஓர்லொக்தான் வேண்டும் என்று நிற்கிறான். “மாமா, நீங்கள் பசையைச் சரியாகப் போடவில்லை” என்பது அவன் கட்சி. தொப்பிக்கு முன்னால் பசைநீக்கியை வாங்கு, ஒரு வாரம் முன்பே முழங்கை மடிப்பில் ஒரு துளி பசை வைத்துத் தோல் ஏற்கிறதா பார் என்று சொல்லியிருக்கிறேன். நவம்பர் 1 காலை அவன் புருவத்தைப் பார்க்கத்தான் போகிறேன்.