எய்பார் ஜெர்சி: கையெழுத்து போட்டதா, களத்தில் போட்டதா?

ஒரே மாதத்தில் எனக்கு ஸ்பெயின் கால்பந்துச் சங்கமான எய்பாரின் இரண்டு ஜெர்சிகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் அணியே கையெழுத்துப் போட்டிருந்தது. இன்னொன்று, ஒரு தடுப்பாட்டக்காரர் மழையில் தொண்ணூறு நிமிடமும் போட்டு ஆடியது. அதில் கையெழுத்து கிடையாது, இடது விலாப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் புல் கறைதான் இருந்தது. முதலாவதைத் திருப்பி அனுப்பினேன், பாதிப் பணம்தான் வந்தது. இரண்டாவது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இனி வாங்கினால் எந்த வகை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எய்பார் ஏன் என்று கேட்பவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், கிபுஸ்கோவா மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கிற ஊர் அது. மக்கள்தொகை 27,000 அளவில் இருக்கும். துப்பாக்கிப் பட்டறைகளால் பேர் வாங்கிய ஊர் என்பதால் அணியை ‘ஆர்மெரோஸ்’ என்பார்கள், துப்பாக்கி செய்பவர்கள் என்று பொருள். இபுருவா மைதானத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும். பக்கத்து அடுக்குமாடி பால்கனியில் நின்றே ஆட்டம் பார்க்கலாம். 2014-ல் வரலாற்றில் முதல்முறையாக ஸ்பெயினின் மேல் பிரிவு லீக்கான லா லிகாவுக்கு ஏறியபோது, கடனில்லாமல் நடந்துவந்த இந்தச் சங்கத்தை, மூலதனம் போதாது, 17 லட்சம் யூரோ திரட்டியே ஆக வேண்டும் என்று விதி மிரட்டியது. எங்கெங்கோ இருந்த ரசிகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கி அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன்பின் 2021 வரை ஏழு பருவங்கள் மேல் பிரிவில் தாக்குப்பிடித்தது எய்பார். அந்த நீலமும் செந்நிறமும் கலந்த பட்டைகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். கையெழுத்து ஜெர்சி சட்டம் போட்டு மாட்டினால் பார்க்க அழகு. சுலபமாகக் கிடைக்கும், விலையும் பொதுவாகக் குறைவு. களத்தில் போட்டது அரிது, விலை கூட, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது பழைய துணி மாதிரிதான் தெரியும். இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்த விஷயம். எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது ஒன்றே ஒன்றுதான்: இது அசல் என்பதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

நான் திருப்பி அனுப்பிய ஜெர்சியில் 14 கையெழுத்துகள் இருந்தன. எய்பார் பட்டைகளின் மேல் கறுப்பு மார்க்கர் எடுபடாது என்பதால், பாதிக்கு மேல் வெளிர்நிற எண்ணின் மேலேயே நெருக்கிப் போட்டிருந்தார்கள். கூடவே பளபளக்கும் முத்திரை ஒட்டிய ஒரு சான்றிதழ் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பருவத்தின் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு கையெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். பதினோராவது இடறியது. அந்த ஆட்டக்காரர் அதற்கு முந்தைய கோடையிலேயே வேறு சங்கத்துக்குப் போய்விட்டார். அந்த ஜெர்சி தைக்கப்பட்ட காலத்தில் அவர் எய்பாரிலேயே இல்லை. அதற்கப்புறம் மற்ற பதின்மூன்றையும் எப்படி நம்புவது? சான்றிதழில் இருந்தது விற்றவரின் வார்த்தை மட்டும்தான்.

எல்லாக் கையெழுத்தும் பொய் என்று சொல்லவில்லை. இபுருவா வாசலில் நின்று நானே வாங்கியதும் இருக்கிறது. சின்னச் சங்கம், ஆட்டக்காரர்கள் கார் கண்ணாடியை இறக்கி, பேர் கேட்டு, நிதானமாகப் போட்டுத் தருவார்கள். பெரிய சங்கங்களில் இது கனவு. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு நான் ஒருவன்தான் சாட்சி. நாளைக்கு என் கையை விட்டுப் போனால் அந்தச் சாட்சியும் போய்விடும். வாங்குகிறவர் அதை என் வார்த்தையை நம்பித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், நான் அந்தச் சான்றிதழை நம்பிய மாதிரியே.

களத்தில் போட்ட ஜெர்சி அப்படியில்லை, தன் சாட்சியைத் தானே சுமக்கிறது. எய்பார் மாதிரி நெடும்பட்டை போட்ட அணிக்கு இது இன்னும் பொருந்தும். பட்டைத் துணியை வெட்டித் தைக்கும்போது, எந்த இரண்டு ஜெர்சியிலும் தையல் பட்டையின் மேல் அநேகமாக ஒரே இடத்தில் விழாது. ஒன்றில் சங்கச் சின்னம் நீலப்பட்டைக்கு நடுவில் உட்காரும், இன்னொன்றில் ஒரு நூல் அளவு செந்நிறத்துக்குள் ஏறியிருக்கும். என் ஜெர்சியில் நெஞ்சிலிருக்கும் விளம்பரத்தின் கடைசி எழுத்தின் கால், பட்டை விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. சட்டைக் கையில் ஒட்டியிருக்கும் லா லிகா சின்னம் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வலது அக்குளுக்குக் கீழே ஒரு நூல் இழுபட்டுச் சுருண்டிருக்கிறது. பத்திரிகைப் படங்களைத் தேடி, பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த மூன்றும் அதே ஆட்டக்காரரின் உடம்பில் அதே இடத்தில் இருந்தன. அந்தப் படத்தைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கறையைப் போலியாக உண்டாக்கலாம், ஜெர்சியை நாலு முறை துவைத்துப் பழசாக்கலாம். தையல் விழுந்த இடத்தையும் சின்னத்தின் சாய்வையும் ஒரு குறிப்பிட்ட படத்தோடு பொருந்துகிற மாதிரி செய்வது அநேகமாக நடக்காத காரியம். இந்த ஆதாரத்துக்கு விற்றவரும் வேண்டாம், நானும் வேண்டாம். படமும் ஜெர்சியும் இருந்தால், எவரும் எப்போது வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

படத்துக்குப் போவதற்கு முன்பே வடிகட்ட இன்னும் சில வழிகள் உண்டு. லா லிகாவில் முதல் அணிக்கு 1 முதல் 25 வரைதான் எண். கோல்கீப்பர்களுக்கு 1, 13, 25. இருபத்தாறும் அதற்கு மேலும் இளைஞர் அணியிலிருந்து மேலே வருகிற பையன்களுக்கு. 2017-18 முதல் எல்லா அணிகளும் பெயரும் எண்ணும் ஒரே எழுத்துருவில் போட வேண்டும் என்று லீக் ஆக்கிவிட்டது. அதனால் 2016-17 ஜெர்சி என்று சொல்லி இந்தப் பொது எழுத்துருவில் ஒன்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், தள்ளிவிடலாம்.

இதில் சிக்கல்களும் இருக்கின்றன. ‘ஆட்டத்துக்குத் தயாரித்தது’ என்று ஒரு வகை உண்டு. பெயர், எண், சின்னம் எல்லாம் அசல்தான், ஆனால் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டதால் களத்தைக் காணாத ஜெர்சி. அதையும் களத்தில் போட்டது என்ற விலைக்கே தள்ளப் பார்ப்பார்கள். இடைவேளையில் ஜெர்சி மாற்றுகிற பழக்கம் உள்ளவர்களும் உண்டு, அதனால் முதல் பாதிப் படத்தில் பொருந்தவில்லை என்று உடனே ஒதுக்காமல் இரண்டாம் பாதிப் படத்தையும் பார்க்க வேண்டும். ஒரே நிறத்தில் வரும் வெளியூர் ஜெர்சிகளில் பட்டையே இல்லை என்பதால் பாதி அடையாளம் போய்விடும். அப்புறம் படங்களின் எண்ணிக்கை. மேல் பிரிவில் இருந்த ஏழு பருவங்களின் எந்த ஆட்டத்துக்கும் தெளிவான படங்கள் குவிந்து கிடக்கின்றன. கீழ்ப் பிரிவுகளில் ஆடிய ஆட்டங்களுக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நான் 2014-க்கும் 2021-க்கும் இடையில் மட்டும் தேடுவது இதனால்தான்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசமில்லை. கையெழுத்துக்கு வெளிச்சம் எதிரி, மார்க்கர் மை சில வருடங்களில் வெளிறிவிடும். எண்ணின் மேல் போட்ட கையெழுத்து மடித்து வைத்தால் அடுத்த மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். களத்தில் போட்டதற்கு ஈரம் எதிரி. துவைக்காதீர்கள், கறையும் ஆதாரம்தான். காற்றாட நன்றாகக் காயவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும், பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். எண்ணில் மடிப்பு விழாமல் சுருட்டி வைப்பது நல்லது.

மறுவிற்பனை பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. இதுவரை ஒரே ஒரு ஜெர்சிதான் விற்றிருக்கிறேன், அதுவும் களத்தில் போட்டது, படத்தோடு பொருந்தியது. வாங்கியவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் அனுப்பிய இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பணம் அனுப்பினார். ஒன்றை வைத்துச் சந்தை இப்படித்தான் என்று சொல்ல முடியாது. பெரிய ஆட்டக்காரர்களின் கையெழுத்துக்கு வேறு கணக்கு இருக்கலாம். டேவிட் சில்வா 2004-05-லும், அவருக்கு முன்னால் சாபி அலோன்சோவும் இரவலாக எய்பாரில் ஆடியவர்கள். அந்தக் காலத்து எய்பார் ஜெர்சியில் அவர்கள் கையெழுத்து இருந்தால், ஆதாரம் பலமாக இருக்கும்பட்சத்தில், நானே ஆசைப்படுவேன்.

2018 நவம்பர் 24 அன்று இபுருவாவில் ரியல் மாட்ரிட்டை 3-0 என்று வென்ற ஆட்டத்தின் ஜெர்சிகளுக்கு எல்லாரும் அலைகிறார்கள். நான் தேடுவது வேறு. 2021 ஜனவரியில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிராக எய்பார் கோல்கீப்பர் மார்கோ திமித்ரோவிச் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிப்போய் பெனால்டி அடித்து கோல் போட்டார். ஆட்டம் 1-2 என்று தோல்வி. கொரோனா காலம், அரங்கில் ரசிகர்கள் யாரும் இல்லை, கையெழுத்துக்காக வாசலில் நிற்கவும் வழியில்லை. அன்றைக்கு அவர் போட்டிருந்த 1-ம் எண் ஜெர்சி எங்கே இருக்கிறதோ. அவர் பெனால்டி அடிக்கிற படங்களில் தெளிவானவற்றை ஒரு தனி கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஜெர்சி விற்பனைக்கு வந்தால், முன்பக்கமும் பின்பக்கமும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லி அன்றைக்கே எழுத வேண்டும்.