18,500 ரூபாய் போச்சு: ஆபரேஷன்ஸ் மேனேஜர் இன்டர்வியூ என்று யாராவது கூப்பிட்டால் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை வரை பணம் வந்துவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது போனே சுவிட்ச் ஆஃப். வயிறு எரிகிற சூட்டோடு எழுதுகிறேன்.

கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையில் ஒன்பது வருடமாக ஷிப்டு சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒரகடம் பக்கம் பெரிய நிறுவனம் ஒன்றின் கிடங்கில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வேலை இருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஆள் பிடித்துக் கொடுப்பது புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சி. பெயரை இங்கே போடவில்லை. கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் இரண்டு அறை, அந்த ரகம்.

பார்த்ததும் பணம் கட்டுகிற ஆள் இல்லை நான். அவர்களும் முதலில் கேட்கவில்லை. வீடியோ காலில் இன்டர்வியூ வைத்தார்கள். கம்பெனியின் ஆபரேஷன்ஸ் ஹெட் என்று ஒருவர் முக்கால் மணி நேரம் குடைந்தார். நாற்பது பேர் வர வேண்டிய ஷிப்டில் பத்துப் பேர் வரவில்லை, ஆறு மணிக்கு லாரி கிளம்பியாக வேண்டும், எந்த லைனை நிறுத்துவீர்கள்? மெஷின்கள் எவ்வளவு திறனாக ஓடுகின்றன என்று காட்டும் ஓ.இ.இ. 62 சதவீதத்திலேயே நிற்கிறது. அவெய்லபிலிட்டி, பெர்ஃபார்மன்ஸ், குவாலிட்டி மூன்றில் முதலில் எதில் கை வைப்பீர்கள்? நீங்கள் எடுத்த முடிவு தப்பாகப் போன ஒரு சம்பவம்? எல்லாம் தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி. பேக்கிங் லைனில் ஷிப்டு மாறும்போது வீணான இருபது நிமிடத்தை ஏழாகக் குறைத்த கதையை நானும் உற்சாகமாகச் சொன்னேன். குறித்துக்கொண்டே, "உங்களை மாதிரி ஆளைத்தான் சார் தேடிட்டிருக்கோம்" என்றார். ஒன்பது வருடத்தில் எங்கள் மேனேஜர் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. அங்கேயே விழுந்துவிட்டேன். அந்தக் கேள்விகள் எல்லாம் யூடியூபிலேயே கிடக்கின்றன என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மறுநாள் வரச் சொன்னார்கள். டெபாசிட் 15,000, முதல் சம்பளத்தோடு திரும்பி வருமாம். சர்டிபிகேட் சரிபார்க்க 3,500. ஆக 18,500. ஜிபேயில் கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒருவரின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட் நம்பர்தாண்ணா" என்று டீயை நகர்த்தி வைத்தார் கன்சல்டன்சியில் இருந்த பெண். சரி என்று அழுத்திவிட்டேன். தீபாவளி போனஸில் எடுத்து வைத்திருந்த பணம்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. ஹெச்.ஆர். லீவு. சர்வர் வேலை செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை கண்டிப்பாக. "நீங்க இப்படி அவசரப்பட்டா ஆஃபரையே கேன்சல் பண்ணிடுவாங்கண்ணா." ஆறு வாரம் ஓடியது. பொறுக்காமல் ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஒரகடம் போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, சுவரைக் காட்டினார். வேலைக்காக யாருக்கும் பணம் தராதீர்கள் என்று ஆள் உயரத்துக்கு போர்டு.

திரும்பி வந்து மாடியில் சத்தம் போட்டேன். தம்பி என்று கூப்பிட்ட ஒருவர் என் ரசீதையே திருப்பிக் காட்டினார். பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில்: ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது. 18,500 ரூபாய்க்கு என்ன ஆலோசனை சொன்னீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. "வெள்ளிக்கிழமை பேசிக்கலாம் தம்பி" என்றார். இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. இன்டர்வியூ முடிந்து பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆஃபர் லெட்டர் ஜிமெயிலில் இருந்து வந்தால் நம்பாதீர்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் க்ரைம் உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்கள், சீக்கிரம் சொன்னால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பத்து மணிக்கு நைட் ஷிப்டு, கிளம்புகிறேன்.