சோங்க்ரானுக்கு பாங்காக்கா, சியாங் மாயா?

தஞ்சாவூரில் கைடாக இருப்பவனுக்கு விடுமுறை என்றால் அது சித்திரை, வைகாசிதான். மார்கழி தொடங்கி பங்குனி வரை பெரிய கோயில் பிராகாரத்தில் தொண்டை வறளப் பேசிவிட்டு, வெயில் ஏறி வெளிநாட்டுக் குழுக்கள் நின்றதும், எனக்கும் இன்னொருவர் ஊரில் போய் வேடிக்கை பார்க்க ஆசை வரும். அதற்குத் தோதாக அமைந்தது தாய்லாந்தின் சோங்க்ரான். ஏப்ரல் 13 முதல் 15 வரை மூன்று நாள், நாடே தண்ணீரில் நனையும். நம் சித்திரைப் பிறப்புக்கும் அதற்கும் ஒரே கணக்கு, சூரியன் மேஷத்துக்குள் போகும் சங்கராந்தி. சோங்க்ரான் என்ற பெயரே அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1941 முதல் அவர்களுக்கும் அதிகாரப்பூர்வப் புத்தாண்டு ஜனவரி 1 ஆகிவிட்டது, ஆனால் சொந்த ஊருக்குப் பேருந்து பிடித்து ஓடுவது இன்றைக்கும் சோங்க்ரானுக்குத்தான். ஒரு வருடம் பாங்காக்கில் இருந்தேன், அடுத்த வருடம் சியாங் மாயில். எதற்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்காக இது.

முதலில் பாங்காக். பொங்கலுக்குச் சென்னை காலியாவது போல இந்த மூன்று நாளும் பாங்காக்கில் போக்குவரத்து இளைத்துவிடும். சாதாரண நாளில் ஒரு மணி நேரம் இழுக்கும் சாலையை டாக்சி சிரமமில்லாமல் கடந்துவிடுகிறது. கூட்டம் எல்லாம் சில இடங்களில் போய்க் குவியும்: சீலோம் சாலை, காவ் சான் சாலை, சயாம் பக்கம். சீலோமில் மேலே ஸ்கைட்ரெய்ன் ஓடுகிறது, அதன் நடைமேம்பாலத்தில் நின்றால் உடம்பில் ஒரு சொட்டு படாமல், கீழே ஆயிரக்கணக்கான பேர் கையில் தண்ணீர்த் துப்பாக்கியோடு நகர்வதைப் பார்க்கலாம். காவ் சானில் அந்த வசதி கிடையாது, உள்ளே போனால் போனதுதான். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இருபது வயதுப் பசங்களுக்கு அது சொர்க்கம். எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

பாங்காக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர் விளையாட்டு இல்லாத நேரங்கள். காலையில் சாவ் ப்ரயா ஆற்றில் படகு ஏறிப் போய் சனாம் லுவாங் மைதானத்தில் இறங்குவது, அங்கே வெளியே எடுத்து வைத்திருக்கும் ப்ரா புத்தா சிஹிங் என்ற புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்ற வரிசையில் நிற்பது, வெயில் உச்சிக்கு ஏறியதும் காவ் சே சாப்பிடுவது. காவ் சே என்பது மல்லிகை மணக்கும் ஐஸ் தண்ணீரில் மிதக்கும் சோறு, தொட்டுக்கொள்ள இறால் விழுதில் பொரித்த உருண்டை. பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு முதல் வாயிலேயே சொந்தம் தெரிந்துவிடும். சீலோம் சாலையிலேயே 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அங்கே கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள். அப்படியே வாட் சுதாட் கோயில் பக்கம் போய் அந்தச் சிவப்பு ராட்சத ஊஞ்சலையும் பார்த்துவிடுங்கள். மார்கழி விழாவில் அந்த ஊஞ்சல் ஆடுவதை 1935இலேயே நிறுத்திவிட்டார்கள், ஆனால் அரண்மனைப் பிராமணர்கள் அதே விழாவில் நம் திருவெம்பாவையை இன்றும் ஓதுகிறார்கள், அந்த விழாவின் பெயரே த்ரியம்பவாய். அங்கே நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சரி, சியாங் மாய். தாய்லாந்தின் வடக்கே, 1296இல் மங்க்ராய் மன்னன் அமைத்த ஊர், பழைய நகரம் சதுரமாக இருக்கும், நாலு பக்கமும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் அகழி. சோங்க்ரானில் அந்த அகழிதான் ஆயுதக் கிடங்கு. கயிறு கட்டிய வாளியை இறக்கி மொண்டு எதிரே வருபவர் மேல் ஊற்றுகிறார்கள், பிக்கப் வண்டிகளில் டிரம் வைத்து அதில் பாளம் பாளமாக ஐஸ் போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள். நாற்பது டிகிரி வெயிலில் முதுகில் அந்தத் தண்ணீர் விழும்போது மூச்சு ஒரு நொடி நின்று வரும். ஒன்று மட்டும், அகழித் தண்ணீர் கண்ணுக்கு நல்லதில்லை, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் அந்தப் பக்கம் காட்டையும் வயலையும் எரிக்கும் புகை வேறு இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களை நான் சியாங் மாய்க்கு அனுப்ப மாட்டேன், பாங்காக்தான் சொல்வேன்.

இவ்வளவையும் மீறி என் ஓட்டு சியாங் மாய்க்குத்தான்.

பாங்காக்கில் நான் வரிசையில் நின்று தண்ணீர் ஊற்றினேனே, அதே பெயரில் ஒரு ப்ரா புத்தா சிஹிங் இங்கே வாட் ப்ரா சிங் கோயிலிலும் உண்டு, தெற்கே நக்கோன் சி தம்மராட்டிலும் உண்டு. இலங்கையிலிருந்து வந்தது என்று கதை. மூன்று ஊரும் தன்னுடையதுதான் அசல் என்கிறது. நாயக்கர் கட்டியதா சோழர் கட்டியதா என்று தினமும் பஞ்சாயத்து பார்க்கும் எனக்கு இது பழகிய சண்டை. வித்தியாசம் எங்கே என்றால், இங்கே 13ஆம் தேதி சிலை நம் உற்சவர் போல வீதிக்கு வருகிறது. தெருவோரம் நிற்கும் ஒவ்வொருவரும் தன் கையாலேயே அபிஷேகம் செய்துவிடுகிறார்கள்.

நான் தங்கிய வீட்டுப் பாட்டி வெள்ளிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றார். சலுங் என்பார்கள் அந்தக் கிண்ணத்தை. தண்ணீரில் மஞ்சள் பூவிதழ்கள், நடுவே சுட்டு ஒடித்துப் போட்ட பழுப்பு நிறக் காய்கள். என்ன காய் என்று கேட்டேன், சோம் போய் என்றார், ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மோந்து பார்த்தால் சீயக்காய்! அதே காய், எங்கள் வீட்டில் சனிக்கிழமை தலைக்குத் தேய்க்கும் அதே சீயக்காய். இங்கே புத்தருக்கு ஊற்றுகிறார்கள், 15ஆம் தேதி பெரியவர்கள் கையிலும் அதே தண்ணீரை ஊற்றி மன்னிப்பும் ஆசியும் கேட்கிறார்கள்.

இடையில் 14ஆம் தேதி அழுகும் நாள் என்று பெயர், அன்றைக்குத் திட்டினால் வாய் அழுகிவிடும் என்பார்கள், யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. சாயங்காலம் கோயில்களுக்கு மணல் சுமக்கிறார்கள். வருடம் முழுக்கக் கோயில் மண் நம் காலில் ஒட்டி வெளியே போய்விடுகிறதாம், அதைத் திருப்பித் தர வேண்டுமாம். அந்த மணலைக் கோபுரமாகக் குவித்து, வண்ணக் காகிதக் கொடி குத்துகிறார்கள். ஒரு சின்னப் பெண் தன் வாளியில் கடைசிப் பிடி மணலையும் விரலால் வழித்துப் போட்டதை இன்னும் மறக்கவில்லை.

லாவோஸின் லுவாங் ப்ரபாங்கிலும் ஏறத்தாழ இதே நாட்களில் இதே விழா உண்டு, இன்னும் அமைதியாக இருக்கும் என்று போய் வந்த கைடுகள் சொல்கிறார்கள். நான் போனதில்லை.

நாட்கள் இருந்தால் இரண்டையும் சேர்க்கலாம்: 10, 11ஆம் தேதிகளில் பாங்காக்கில் நகரத்தைச் சுற்றிவிட்டு, 12ஆம் தேதி இரவு ரயிலில் வடக்கே. ஏறத்தாழ 750 கிலோமீட்டர், ஒரு ராத்திரிப் பயணம். ஊருக்குப் போகிறவர்கள் கூட்டம் பயங்கரமாக இருக்கும், அதனால் முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள். அப்புறம், அங்கே போய் ஸ்கூட்டர் மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள்; குடித்துவிட்டு ஓட்டுபவர்களும் ஈரச் சாலையும் சேர்ந்து இந்த ஒரு வாரத்தில் நிறைய உயிர் போகிறது.

அடுத்த சித்திரைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு சியாங் மாய்க்கே போகிறேன். 16ஆம் தேதி வரை தங்கப் போகிறோம், அன்றைக்கு வீட்டுக்கு வீடு பலாக்காய்க் குழம்பு வைப்பார்கள், வருடம் முழுக்க ஆதரவு கிடைக்கும் என்று நம்பிக்கை. பாட்டி வரச் சொல்லியிருக்கிறார். இங்கிருந்து ஒரு கிலோ சீயக்காய் எடுத்துப் போகலாம் என்று அம்மா சொல்கிறார்.