மவுண்டன் மான்ஸ்டர்ஸ் பாத்தாச்சு, அந்தத் தடத்தை மட்டும் நம்ப முடியல

மவுண்டன் மான்ஸ்டர்ஸ் நெசமா செட்டப்பான்னு பாக்குற எல்லாரும் கேக்காவ, மலையடிவாரத்து ஆளுங்க கண்ணுக்கு அது எப்படித் தெரியுதுன்னு நான் சொல்லுதேன். 2013ல டெஸ்டினேஷன் அமெரிக்கா சேனல்ல ஆரம்பிச்ச ஷோ இது. வெஸ்ட் வர்ஜீனியா பக்கம் அப்பலாச்சியன் மலையில தாடி வச்ச ஆறு பேரு துப்பாக்கியும் டார்ச்சுமா ராத்திரி காட்டுக்குள்ள போயி, ஊர்ச்சனம் பாத்ததா சொல்லுத விசித்திர மிருகத்தைப் பிடிக்கப் பாக்காவ. ஒரு எபிசோடுல ஓநாய் மனுசன், இன்னொண்ணுல கிராஃப்டன் மான்ஸ்டர், அப்புறம் மாத்மேன்னு றெக்கை வச்ச மனுசன். எல்லாத்துலயும் வரிசை ஒண்ணுதான்: பாத்தவங்ககிட்ட விசாரிப்பு, முதல் ராத்திரி தேடல், பொறி கட்டுதது, கடைசி ராத்திரி வேட்டை, மிருகம் தப்பிச்சிரும். ஒண்ணுகூட பொறியில விழுந்து நாம கண்ணால பாத்ததில்ல.

எங்க பெரியப்பாவுக்குக் கடையத்துக்கு மேக்க மலையை ஒட்டி வாழைத்தோட்டம். பன்னி வாரது, கரடி வாரது, தொழுவத்துல கெடக்குற ஆட்டைச் சிறுத்தை தூக்கிட்டுப் போறது எல்லாம் அங்கன உள்ளதுதான். அவரும் நானும் ஒண்ணா ஒக்காந்துதான் பாத்தோம், பாத்தவங்க கதை சொல்லுத வரைக்கும் ஒண்ணும் பேசல, தரையில தடம் கெடைச்சிட்டுன்னு காட்டுனதும் நிமிந்துட்டாரு. "ஏல, இம்புட்டுப் பேரு பூட்ஸ் காலோட சுத்தி நின்னா தடம் எங்கல நிக்கும்?"ன்னு கேட்டாரு. அவரு கேட்டது சும்மா இல்ல. வரப்பு ஈரத்துல சந்தேகமா ஒரு தடம் பாத்தா முதல்ல ஒரு ஓலைப்பெட்டியை எடுத்து அது மேல கவுத்திருவாரு, ஆடு மிதிச்சிரக்கூடாது, வெயில்ல காஞ்சி வெடிச்சிரக்கூடாது, அதுக்கப்புறந்தான் வனத்துறைக்குப் போன். அவ்வோ வந்து பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து, நகம் பதிஞ்சிருக்கான்னு பாப்பாவ. நாய்னா நகம் பதியும், சிறுத்தை நகத்தை உள்ள இழுத்துக்கிட்டு நடக்கும், அதனால பதியாது. தடத்தையும் ஆட்டுக் கழுத்துல உள்ள காயத்தையும் பாத்து உறுதிப்படுத்துனாத்தான் நிவாரணம். ஒரு தடம்னா எங்க ஊர்ல அம்புட்டு முக்கியம், அதை அந்த ஷோவுல ரெண்டு நிமிசத்துல இன்ன மிருகம்னு முடிவு கட்டிட்டு அடுத்த எடத்துக்குப் போயிருதாவ, எனக்கு ரொம்ப உறுத்துனது இதுதான்.

பொறி கட்டுத பகுதி நல்லா இருக்கு, அதை மறைக்க மாட்டேன். டீம்ல உள்ள வில்லி, வைல்ட் பில்னு ரெண்டு ஆளும் மத்தவங்களும் மரத்தை வெட்டி, கயிறு கட்டி, கதவு விழுத மாதிரி ஆள் ஒசரத்துக்கு மேல ஒண்ணை நிறுத்துதாவ, அந்தக் கை வேலையைப் பொய்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அம்புட்டு சத்தத்தோட கட்டுன எடத்துக்கு அடுத்த ராத்திரியே எந்த மிருகம் வரும்? நம்ம பாபநாசம் பக்கம் சிறுத்தைக்குக் கூண்டு வச்சா உள்ள ஆட்டையோ நாயையோ கட்டிட்டு ஆளுங்க அந்தப் பக்கம் நடமாடாம ஒதுங்கிருவாவ, சில சமயம் நாள் கணக்கா ஒண்ணும் வராது. இந்த ஷோவுல அந்தக் காத்திருப்பே கெடையாது.

காத்திருப்புன்னா என்னன்னு புலிக் கணக்கெடுப்பைப் பாத்தா தெரியும். தானியங்கி கேமரா சூட்டையும் அசைவையும் வச்சுத் தானா படம் எடுக்கும், புலிக்கு ரெண்டு பக்கத்து வரியும் வேற வேறங்கதால ஒரே எடத்துல எதிரெதிரா ரெண்டு கட்டுதாவ. 2018 கணக்கெடுப்புல இந்தியா முழுக்க 26,838 எடத்துல வச்சு கெடைச்ச படம் சுமார் 3.48 கோடி, அதுல புலி இருந்தது 76,651 தான். ஆயிரம் படத்துக்கு ரெண்டு. நெசமா உயிரோட இருக்குற புலிக்கே இதுதான் கணக்கு. நம்ம களக்காடு முண்டந்துறை 1988லயே புலிகள் காப்பகம் ஆச்சு, ஆனா அந்தக் காட்டு வழியாப் போற மாஞ்சோலை பஸ்ல வருசக்கணக்காப் போனவங்கள்ல எத்தனை பேரு புலியைப் பாத்திருக்காவ? அந்த ஷோவுல மட்டும் வாராவாரம் பொதருக்குப் பின்னாடி ஏதோ ஒண்ணு வந்து நிக்குது.

தெர்மல் கேமராவுல வெள்ளையா ஒரு உருவம் தெரிஞ்சதும் எல்லாரும் பதறுதாவளே, அந்தக் கேமரா சூட்டைத்தான் காட்டும், தூரத்துல நிக்குறதுக்கு முகமோ முடியோ தெரியாது. ரெண்டு காலுல ஒரு ஆளு நின்னாலும் அப்படித்தான் தெரியும். கேமராக்காரன் எங்க நிக்கான்னும் பாருங்க, பயந்து ஓடுதவன் முகம் முன்னாடி இருந்து தெளிவா வருது, மிருகம் இருக்குன்னு சொல்லுத பக்கம் படமே இல்ல.

மான்ஸ்டர்னு பேரு வச்சாலே பொய்தான்னு நான் சொல்லல. அனிமல் பிளானட் சேனல்ல வந்த ரிவர் மான்ஸ்டர்ஸ்ங்கற மீன் பிடிக்கிற ஷோவுல ஜெரமி வேட் இந்தியா நேபாள எல்லையில உள்ள காளி ஆத்துக்கு வந்து 70 கிலோவுக்கு மேல உள்ள கூன்ச்ங்கற கெளுத்தியைப் பிடிச்சே காட்டுனாரு, கேள்விக்கே எடம் இல்ல. அதே அனிமல் பிளானட்தான் 2012ல கடல்கன்னி இருக்குன்னு டாக்குமென்டரி மாதிரியே ஒரு கற்பனைக் கதையை எடுத்துப் போட்டுச்சு, கடைசியில அமெரிக்க அரசோட கடல் ஆராய்ச்சித் துறையே அப்படி ஒண்ணுக்கும் ஆதாரம் இல்லன்னு எழுத வேண்டியதாப் போச்சு. அதனால சந்தேகப்படுத ரசிகர்களைக் கொறை சொல்லக்கூடாது.

இதுல எனக்கென்ன இம்புட்டு கோவம்னா, எங்கயோ எடுத்த பழைய சிறுத்தை வீடியோவை நம்ம ஊருன்னு வாட்ஸ்அப்ல சுத்த விடுதாவ, அதைப் பாத்துப் பாத்து நெசமா ஆட்டைப் பறிகொடுத்தவன் வந்து சொன்னாலும் ஆளுங்க நம்ப மாட்டேங்காவ. கதையைக் கதைன்னே சொல்லிருங்க. கோயில் கொடையில ராத்திரி பூரா வில்லுப்பாட்டு கேக்குற சனம் நாம, நல்லா சொன்னா கதையா இருந்தாலும் விடிய விடிய ஒக்காந்து கேப்போம்.

அஞ்சுக்கு ரெண்டரை குடுக்கேன். அது அந்தப் பொறிக்கும், டீமுக்குத் தலைவரா இருந்து 2019ல இறந்துபோன ட்ராப்பர் பேச்சுக்கும். சின்னப் புள்ளையளோட பாத்தா பக்கத்துலயே இருந்து, இது நடிப்புன்னு சொல்லிக்கிட்டே பாருங்க. பின்னாடி வந்த சீசன்கள்ல எதிரி டீம், சதின்னு முழுசா சீரியலாவே மாறிருச்சு, முதல் சீசன் மட்டும் பாத்தா போதும்.