பழைய பிரெஞ்சு பெஜோ சைக்கிளா, பழைய ஜப்பான் ரோடு சைக்கிளா?

ரெண்டும் 70கள்ல வந்த ஸ்டீல் ஃப்ரேம், விக்கிறவங்க விலையும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் சொல்றாங்க, அப்ப எத எடுக்கிறது?

ஃப்ரேம்: பெஜோல பிஎக்ஸ்-10 மாடல்னா ரெனால்ட்ஸ் 531ங்கிற லேசான, உறுதியான அலாய் ஸ்டீல் ட்யூப், அதுக்குத் தனி மவுசு. யூஓ-8 மாடல் சாதா ஸ்டீல்தான், பெஜோங்கிற பேர மட்டும் பாத்து காசக் கொட்டிடாதீங்க.
ஜப்பான்: மியாட்டா, ஃபூஜி மாதிரி கம்பெனி சைக்கிள்ல குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க.

ஸ்பேர்: இங்கதான் இருக்கு சங்கதி. பெஜோல பெரும்பாலும் பிரெஞ்சு மரை, ரெண்டு கிராங்கையும் இணைக்கிற நடு அச்சு (பாட்டம் பிராக்கெட்) மாட்டுற எடத்துல ரெண்டு பக்கமும் வலது மரை, ஹேண்டில ஃப்ரேமோட இணைக்கிற ஸ்டெம் 22 மிமீ. அந்தக் காலத்து மத்த சைக்கிள் பெரும்பாலானதுக்கு 22.2, அந்த 0.2க்காக கடை கடையா ஏறி இறங்கணும்.
ஜப்பான்: பெரும்பாலும் இங்கிலீஷ் மரை, இன்னைக்கும் புதுசாவே கிடைக்குது.

கியர்: பெஜோல வர்ற சிம்ப்ளெக்ஸ் கம்பெனி கியர்ல பிளாஸ்டிக் பாகம் நெறைய, நகத்தால தடவிப் பாருங்க, விரிசல் இருந்தா தட்டுப்படும்.
ஜப்பான்: சன்டூர் கம்பெனி கியர்னா தொடச்சு எண்ணெய் விட்டா ஓடும்.

எதுவானாலும் சீட்டத் தாங்குற கம்பி (சீட் போஸ்ட்) ஃப்ரேமுக்குள்ள இறுகிப் போகாம அசையுதான்னு ஆட்டிப் பாத்துட்டு பேரம் பேசுங்க, நான் ஒருதடவ பாக்காம வாங்கி மூணு நாள் எண்ணெய் ஊத்தியும் அது அசையவே இல்ல.

தினமும் ஓட்டணும்னா ஜப்பான். ஒரிஜினல் பார்ட்ஸோட பிஎக்ஸ்-10 மாட்டி, நோண்டப் பொறுமையும் இருந்தா பெஜோ.