குறட்டைக்குப் பல் டாக்டர் செய்து கொடுத்த கிளிப்: 11 மாதம் போட்ட பிறகு எழுதுகிறேன்

பல் உடைந்ததால்தான் பல் டாக்டரிடம் போனேன், குறட்டைக்காக இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு ஓரம் பெயர்ந்து நாக்கை அறுத்துக்கொண்டே இருந்தது. அதை ராவி அடைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் அடைத்தார், ஆனால் உடனே அனுப்பவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், வாயை இன்னும் பெரிதாகத் திறக்கச் சொன்னார், தொண்டைப் பக்கம் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "ராத்திரி குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டார். எனக்கு முகம் வாடிவிட்டது. 51 வயதுப் பெண்ணிடம் யாரும் நேரடியாகக் கேட்கிற கேள்வி இல்லை அது. வீட்டிலும் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, வெளியூர் போனால் தனி அறை கேட்பதை நான் வழக்கமாகவே வைத்திருந்தேன்.

கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து என் நாக்கை எனக்கே காட்டினார். இரண்டு ஓரத்திலும் ரம்பத்தின் விளிம்பு மாதிரி வரிசையாகப் பல் பதிந்த தடம். வாய்க்குள் இடம் போதாமல் நாக்கு பல்லை அழுத்திக்கொண்டே கிடந்தால் அப்படித் தடம் விழுமாம். பற்களின் மேல்பகுதி தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் நிறம் தெரிந்தது, அது இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதால் வருவது. நாக்கை நீட்டினால் உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து 4 வகையாகப் பிரிக்கிற மல்லம்பட்டி அளவு ஒன்று இருக்கிறது, மயக்க மருந்து டாக்டர்கள் பயன்படுத்துவது. அதில் நான் நாலாவது வகை, உள்நாக்கு கண்ணுக்கே படவில்லை. "இதுல எதுவும் தனியா ஒரு நோயைச் சொல்லாது, ஆனா மூணும் சேர்ந்திருக்கு, அதான் கேக்கறேன்" என்றார்.

அன்று ராத்திரி மகளை என் அறையில் படுக்கச் சொல்லி போனில் ஒலிப்பதிவு செய்யச் சொன்னேன். காலையில் அவள் போனை நீட்டும்போதே கண் கலங்கியிருந்தது. குறட்டைச் சத்தம் படிப்படியாக ஏறுகிறது, உச்சத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கிறது. நான் எண்ணினேன், 23 விநாடி. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் இழுப்பதைப் போல ஒரு மூச்சு. "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதும்மா" என்றாள். இத்தனை வருடம் நான் வெட்கப்பட்டது அந்தச் சத்தத்துக்காக. பயப்பட வேண்டியதோ சத்தம் நின்ற இடத்துக்கு.

இந்தப் பல் டாக்டரின் சேவையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணமே அவர் அடுத்து செய்ததுதான். ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, "உடனே அளவு எடுத்துடலாம்" என்று சொல்லவில்லை. 8 கேள்விகள் கேட்டார். குறட்டை சத்தமாக வருமா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்தக் கொதிப்பு உண்டா, அப்புறம் உடல் எடை, 50 வயதைத் தாண்டியாயிற்றா, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. ஸ்டாப் பாங் என்று பெயர். எனக்கு 8க்கு 5 வந்தது, 5 வந்தாலே தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்ற கணக்கு. தூக்க மருத்துவரிடம் போய் ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கிற பரிசோதனை) செய்து முடிவோடு வந்தால்தான் வாய்க் கருவி, அதாவது இந்தக் கிளிப், செய்வேன் என்று உறுதியாகச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பல் டாக்டர் சந்தேகப்படலாம், தடயத்தைப் பார்க்கலாம், சிகிச்சையில் பங்கெடுக்கலாம், ஆனால் இது இன்ன நோய் என்று சொல்வது மருத்துவரின் வேலை. பரிசோதனை வேண்டாம், நேராக கிளிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஏனென்றால் தொண்டை அடைத்து மூச்சு நிற்பது ஒரு வகை, மூச்சு விடு என்று மூளை சொல்ல மறப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு இந்தக் கிளிப் உதவாது.

பரிசோதனையில் எனக்கு வந்தது முதல் வகை. மணிக்கு 22 முறை. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றதும், வெகுவாகக் குறைந்ததும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று எண்ணுவார்கள், ஏஹெச்ஐ என்று அறிக்கையில் இருக்கும். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. ரத்தத்தில் ஆக்சிஜன் 81 வரை இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறை மூச்சு அடைக்கும்போதும் மூளை அலறி எழுப்புகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, நமக்குக் காலையில் எதுவுமே நினைவில் இருப்பதில்லை. இரண்டு மாத்திரை போட்டும் அடங்காத என் ரத்தக் கொதிப்புக்கும், மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகியதற்கும் அன்றுதான் காரணம் கிடைத்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது, ஆனால் அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்று சொல்லிப் போகும் பெண்ணிடம் குறட்டையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. என்னிடமும் அதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை.

தூக்க மருத்துவர் முதலில் சிபாப் இயந்திரத்தைத்தான் சொன்னார். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் உருவாக்கி 1981ல் வெளியிட்ட முறை, முகமூடி வழியாக வரும் காற்றழுத்தத்தால் தொண்டையை அடைபடாமல் விரித்து வைப்பது. எண்ணிக்கையைக் குறைப்பதில் அதை வாய்க் கருவி மிஞ்ச முடியாது, கடுமையான நோய் உள்ளவர்கள் முதலில் அதைத்தான் முயல வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆறு வாரம் போராடியும் இரண்டு மணிக்கு மேல் முகமூடி என் முகத்தில் தங்கவில்லை, தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருப்பேன். இரண்டு அளவு முகமூடி மாற்றிப் பார்த்தாயிற்று. சிபாப் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கும், அது வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் சும்மா விடுவதைவிட வாய்க் கருவி கொடுங்கள் என்று அமெரிக்காவின் தூக்க மருத்துவ அகாடமியும் பல் தூக்க மருத்துவ அகாடமியும் சேர்ந்து 2015ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது, அந்த அடிப்படையில் மருத்துவரே என்னைப் பல் டாக்டரிடம் திருப்பி அனுப்பினார்.

நடுவில் ஒரு தப்பு செய்தேன். ஆன்லைனில் ரெடிமேட் கிளிப் ஒன்று வாங்கினேன், வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்துப் பதித்துக்கொள்வது. தடித்து உதட்டை மூட விடாமல் இருந்தது, நடு இரவில் கழன்று தலையணையில் கிடந்தது, நாலு நாளில் காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி. தாடையை எவ்வளவு முன்னே தள்ளுகிறது என்பதை அளக்கவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

சரி, பல் டாக்டர் செய்த கிளிப்புக்கு வருகிறேன். மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று, இரண்டையும் பக்கவாட்டில் ஒரு திருகு அமைப்பு இணைக்கிறது. மேல் தாடையைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு கீழ்த் தாடையை முன்னால் நிறுத்துவதுதான் அதன் வேலை. நாக்கின் பெரிய தசை கீழ்த் தாடையின் உட்புறத்தில்தான் ஒட்டியிருக்கிறது, தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வந்தாக வேண்டும், தொண்டையின் பக்கச் சுவர்களும் இழுபட்டு விறைப்பாகின்றன. மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்பவர்கள் தாடையை இரண்டு கையாலும் முன்னே தள்ளி மூச்சுவழி திறப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதே காரியத்தை ராத்திரி முழுக்க இந்தப் பிளாஸ்டிக் செய்கிறது.

செய்வதற்கு முன்னால் ஈறு, எலும்பு, தாடை மூட்டு எல்லாவற்றையும் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு பல்லில் ஈறு வீங்கியிருந்தது, அதைச் சரி செய்யாமல் தொடமாட்டேன் என்று மூன்று வாரம் காக்க வைத்தார். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது புரிகிறது. இந்தக் கருவி ராத்திரி முழுவதும் பல்லைப் பிடித்துத்தான் இழுக்கிறது, ஆடுகிற பல்லை அது பிடுங்கியே விடும். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட சின்ன அளவுகோல் ஒன்றை முன்பல்லில் கடிக்கச் சொல்லி, தாடையை முழுக்கப் பின்னால் இழு, முழுக்க முன்னால் தள்ளு என்று மூன்று முறை அளந்தார். என்னால் 10 மில்லிமீட்டர் தள்ள முடிந்தது. 6ல் ஆரம்பிக்கலாம் என்றார். ஸ்கேனரால் பல்லைப் படம் பிடித்தார், மாவு வைத்து அச்சு எடுக்கிற குமட்டல் எனக்கு மிச்சம்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் பழகச் சொன்னார். அப்புறம் வாரத்துக்கு ஒரு திருப்பு, ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் சமமாக. குண்டூசி கனத்தில் ஒரு சாவி கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து சாவியைத் துளையில் விட்டு, அம்புக்குறி பக்கமாகத் திருப்பி, நோட்டில் தேதி குறித்து வைப்பேன். நாலாவது திருப்பில், அதாவது 7 மில்லிமீட்டரில், குறட்டை நின்றுவிட்டது. மகள் மறுபடி ஒலிப்பதிவு செய்தாள், மின்விசிறி மட்டும்தான் கேட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கிளிப்பைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பரிசோதனை செய்து வரச் சொன்னார். மணிக்கு 13. சத்தம் இல்லை, ஆனால் மூச்சு நின்றுகொண்டுதான் இருந்தது! இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். குறட்டை நின்றதை வைத்து நோய் நின்றது என்று சொல்ல முடியாது. ரெடிமேட் கிளிப் போட்டுச் சத்தம் அடங்கியதும் நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. இன்னும் மூன்று திருப்பு, 7.75 மில்லிமீட்டர், மறுபடி பரிசோதனை. மணிக்கு 6, ஆக்சிஜன் 90க்குக் கீழே போகவில்லை. தூக்க மருத்துவர் பார்த்து இது போதும் என்றார். ரத்தக் கொதிப்பு மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள், நடுவில் நான்கு கிலோ எடையும் குறைத்தேன், அதனால் எல்லாப் பெருமையையும் கிளிப்புக்கே கொடுக்க மாட்டேன். மதியத் தூக்கம் போனது மட்டும் கிளிப்பால்தான், எடை குறைவதற்கு முன்னாலேயே அது போய்விட்டது.

குறைகளும் இருக்கின்றன. முதல் மாதம் எச்சில் வடிந்து தலையணை நனையும், பிறகு அது அடங்கி விடிகாலையில் வாய் வறண்டு போக ஆரம்பித்தது. காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று சேராது, கீழ்த் தாடை யாருடையதோ மாதிரி முன்னால் நிற்கும். அதற்கென்று ஒரு சின்ன அக்ரிலிக் கட்டை கொடுத்திருக்கிறார், பத்து நிமிடம் அதைக் கடித்தபடியே இருந்தால் தாடை பழைய இடத்துக்கு வரும். சோம்பல்பட்டு விட்ட நாட்களில் அரை மணிக்கு மேல் ஆகிறது. வருடக்கணக்கில் போட்டால் முன்பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும், கடி மாறும், இது பலருக்கு நடக்கிறது. இதை ஆரம்பத்திலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கினார், பல்லைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கிறார். நான் யோசித்துத்தான் ஒத்துக்கொண்டேன், லேசாகக் கோணும் பல்லைவிட ராத்திரி ஆக்சிஜன் பெரிது.

கழுவுவது எளிது, பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். டூத்பேஸ்ட் போட்டால் கீறல் விழும், சுடுதண்ணீர் பட்டால் வளைந்துவிடும். 11 மாதத்தில் ஓரமாக ஒரே ஒரு மெல்லிய கீறல், பல்லைக் கடிக்கிற என் பழக்கத்தால் வந்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. பல் குறைவாக இருப்பவர்களுக்குப் பிடிமானம் கிடைக்காது, அவர்களுக்கு நாக்கை உறிஞ்சிப் பிடித்து வைக்கும் வேறு ஒரு கருவி உண்டு, ஆனால் அதற்குப் பழகுவது இன்னும் கடினம். தாடை மூட்டில் ஏற்கெனவே நோய் இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். குழந்தை குறட்டை விட்டால் இந்தப் பக்கமே வராதீர்கள், டான்சிலும் அடினாய்டும் பெரிதாக இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள். அண்ணம் குறுகலாக இருந்தால் அதை விரிக்கும் சிகிச்சை பல் டாக்டரிடம் இருக்கிறது, அது தேவையா என்பது அதற்கு அப்புறம்.

சேவையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். கிளிப் செய்வதற்கு முன்பு, வரும் நாட்களில் எந்தப் பல்லுக்காவது தொப்பி (கிரவுன்) போட வேண்டி வருமா என்று நானும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. அன்று அடைத்த அதே கடைவாய்ப் பல் இப்போது விரிசல் விட்டுவிட்டது, தொப்பி போட்டே ஆக வேண்டும், பல்லின் வடிவம் மாறினால் கிளிப் உட்காராது. முன்பே தொப்பியைப் போட்டுவிட்டு அளவு எடுத்திருக்கலாம். கேட்டபோது மழுப்பாமல், "நான் யோசிச்சிருக்கணும், ஸாரிங்க" என்றார். அடுத்த வாரம் கிளிப்பைக் கையோடு கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், அதற்குள் பொருந்துகிற மாதிரியே தொப்பியைக் கடைந்து பார்ப்பார்களாம். இரண்டு மூன்று ராத்திரி கிளிப் இல்லாமல் படுக்க வேண்டியிருக்கும். மல்லாந்து படுத்தால் எனக்கு மோசம், அதனால் முதுகுக்குப் பின்னால் அணை கொடுத்து ஒருக்களித்துப் படுப்பதாக ஏற்பாடு. அந்த ராத்திரிகளில் என் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.