நேவியர், மேக்ஸி, பெர்செஃபனி: யாருடைய காதலை நம்பலாம்?

ரொமான்ஸ் ஃபேண்டஸி வெப்டூன்களில் (ஸ்க்ரோல் செய்து படிக்கும் இணையச் சித்திரக்கதைகளில்) காதல் பிறக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. அவன் ராஜாவாகவோ மாவீரனாகவோ இருப்பான், அவளுக்குப் போக்கிடம் இருக்காது, நான்கைந்து எபிசோடுக்குள் இருவரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுவார்கள். நம்பிக்கை அவ்வளவு சுலபமாக வருவதில்லை. யார் எதை மறைத்தார், அது வெளிப்பட்டபோது மறைத்தவர் என்ன விலை கொடுத்தார் என்று பார்த்தால்தான் அந்த ஜோடியின் லட்சணம் தெரியும். இந்த ஒரே கேள்வியோடு மூன்று தொடர்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் யோசித்துக்கொண்டு தொடரவும்.

முதலாவது, ஆல்ஃபாடார்ட் எழுதிய 'தி ரீமேரிட் எம்ப்ரஸ்'. 2018இல் இணைய நாவலாகத் தொடங்கியது. 2019இல் சும்புலின் ஓவியத்தோடு கொரியாவின் நேவர் தளத்தில் வெப்டூனாக வந்தது. கிழக்குப் பேரரசின் பேரரசி நேவியரும் பேரரசன் சோவியெஷுவும் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து வளர்ந்து ஆட்சிக்குத் தயாரானவர்கள். வேட்டைக்குப் போன இடத்தில் பொறியில் சிக்கிய ராஷ்டாவை அவன் அரண்மனைக்குக் கொண்டுவந்து ஆசைநாயகி ஆக்கிக்கொள்கிறான். வாசகர்கள் அவனைத் திட்டித் தீர்ப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். அதைவிட மோசமானது அவன் பிறகு போடும் கணக்கு. ராஷ்டாவின் குழந்தைக்கு வாரிசுரிமை வேண்டும்; அதற்காக நேவியரை விவாகரத்து செய்துவிட்டு ஒரு வருடம் கழித்துத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறான். இதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவள் எங்கே போய்விடப்போகிறாள் என்ற நினைப்பு! ஒருவகையில் அவனும் அவளை நம்பத்தான் செய்கிறான், அவளைக் கேட்கத் தேவையே இல்லை என்கிற அளவுக்கு.

விவாகரத்து மன்றத்தில் அவள் விவாகரத்தை ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில் மறுமணத்துக்கு அனுமதி கேட்கும்போது அந்தக் கணக்கு உடைகிறது. அந்தக் காட்சியையே கதையின் வாசலில் வைத்தது கெட்டிக்காரத்தனம்.

மேற்கு நாட்டு அரசன் ஹைன்ரியோடு அவள் செய்துகொள்வது ஒப்பந்தக் கல்யாணம். அவளுக்கு ஆட்சி செய்ய ஒரு நாடு வேண்டும், அவனுக்கு ஒரு ராணி வேண்டும். பேச்சு வெளிப்படையாக நடக்கிறது. காதல் வசனங்களைவிட இந்தப் பேரம்தான் அவர்களுக்குள் நல்ல அஸ்திவாரம் போடுகிறது. ஆனால் ஹைன்ரி அதற்கு முன்பே ஒரு பொன்னிறப் பறவையாக உருமாறி அவள் ஜன்னலுக்கு வந்து போயிருக்கிறான். பறவைதானே என்று நம்பி அவள் அதைக் கட்டிக்கொள்கிறாள், யாருக்கும் காட்டாத துக்கத்தை அதன் முன்னால் காட்டுகிறாள். கதை இதைக் கொஞ்சலாகவும் சிரிப்பாகவும் வரைந்துவிட்டுப் போகிறது. இதே வேலையை சோவியெஷு செய்திருந்தால் நாம் சும்மா விட்டிருப்போமா?

இன்னொன்று அதைவிடக் கனமானது. கிழக்கின் மந்திரவாதிகள் சக்தி இழந்துகொண்டே வருகிறார்கள். நேவியர் ஆதரித்துப் படிக்க வைத்த எவெலியும் அதில் ஒருத்தி. இதன் பின்னால் ஹைன்ரியின் கை இருக்கிறது. இது வெளிவரும்போது அவன் கொடுக்கும் விலை, சோவியெஷு கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. முதல் கணவனுக்கு ஒரு தராசு, இரண்டாம் கணவனுக்கு வேறு தராசு. பழிவாங்கும் கதையாகப் படித்தால் அபார விருந்து. நம்பிக்கையைப் பற்றிய கதையாகப் படித்தால் பாதிக்குமேல் சறுக்குகிறது. (இந்தக் கதையில் நேவியர் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியவர்கள் அவளுடைய தோழிப்பெண்கள்தான். அவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

இரண்டாவது, கிம் சூஜியின் நாவலிலிருந்து வெப்டூன் ஆன 'அண்டர் தி ஓக் ட்ரீ'. நாவல் 2017இல் தொடங்கியது. ஒரு பிரபுவின் மகள், திக்குவாய் உள்ள மேக்ஸிமிலியன், சுருக்கமாக மேக்ஸி. தாழ்ந்த குடியில் பிறந்த வீரன் ரிஃப்டன். முதலிரவு கழிந்த காலையிலேயே அவன் டிராகன் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறான். மூன்று வருடம் கழித்து ஊர் போற்றும் வீரனாகத் திரும்பி வருகிறான். அரசர் தன் மகளையே அவனுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார், அதனால் தன்னைத் தள்ளிவைத்துவிடுவான் என்று மேக்ஸி நடுங்குகிறாள். அவன் அவளைத் தன் அனாடோல் கோட்டைக்கு அழைத்துப் போகிறான்.

இங்கே துரோகி என்று யாரும் இல்லை. இருவரும் மறைக்கிறார்கள், இருவருமே வெட்கத்தால் மறைக்கிறார்கள். அப்பா தன்னைச் சவுக்கால் அடித்து வளர்த்ததை மேக்ஸி சொல்வதில்லை. கோட்டையைப் புதுப்பிக்கும் பொறுப்பு கைக்கு வந்தபோது கணக்கு எழுதத் தெரியாது என்பதைக்கூடச் சொல்வதில்லை. அவளுடைய கணக்குப் புத்தகத்தில் உள்ள குளறுபடியைக் கண்டுபிடிப்பது மந்திரவாதி ரூத். சிடுசிடுத்துக்கொண்டே உதவுவதும் அவன்தான். ரிஃப்டனோ, சிறுவனாக அவளுடைய அப்பாவின் மண்ணில் உழைத்த நாளிலிருந்தே அவளை மனதில் வைத்திருப்பவன். அதை வாய்விட்டுச் சொன்னால் பாதிக் கதை முடிந்துவிடும். பிரபுவின் மகள் தன்னை இளப்பமாக நினைப்பாள் என்று அவன் பயப்படுகிறான். தன் திக்கலைப் பார்த்து அவன் கூசுவான் என்று அவள் பயப்படுகிறாள்.

கதை பெரும்பாலும் மேக்ஸியின் கண் வழியாகவே போவதால் வாசகருக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொள்கிறது. அவன் முகம் சுளித்தால் கோபமா கவலையா என்று நமக்கும் தெரியாது. ரிஃப்டன் உத்தமன் ஒன்றும் இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் அவளைக் கோட்டைக்குள் பூட்டி வைக்கப் பார்க்கிறான். அவள் குணப்படுத்தும் மந்திரம் கற்றுக்கொண்டபோது பெருமைப்படுவதைவிட அதிகமாகப் பதறுகிறான். அவளை நேசிக்கிறான், அவளுடைய திறமையை நம்பவில்லை. கதை இதைப் பூசி மழுப்புவதில்லை. அவன் தடுத்தும் அவள் போர்க்களத்துக்குக் குணமளிக்கப் போகிறாள். அதற்கான வலியை இருவரும் அனுபவிக்கிறார்கள். பிறகு அவள் அவனை விட்டு மந்திரவாதிகளின் தீவுக்குப் படிக்கப் போவது வரை இந்த வழக்கு நீள்கிறது. விலை கொடுக்காமல் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை.

நியூசிலாந்துக்காரரான ரேச்சல் ஸ்மைத் 2018இல் தொடங்கி 2024இல் முடித்த 'லோர் ஒலிம்பஸ்' வேறு ரகம். கிரேக்கப் புராணத்தில் பாதாள அரசன் ஹேடிஸ் பெர்செஃபனி என்ற தேவதையைக் கடத்திப்போகும் கதையை எடுத்து, கடத்தலை நீக்கிவிட்டு எழுதியது. 2022இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் வாங்கியது. குடித்து மயங்கிய பெர்செஃபனியை ஹேடிஸின் காரில் ஒளித்து வைப்பது, அம்மா அஃப்ரோடைட்டியின் பேச்சைக் கேட்டு ஈராஸ். பின்னர் அவளைக் கண்டதும் அவன் விருந்தினர் அறையில் படுக்க வைக்கிறான். முதல் சில எபிசோடிலேயே அவன் எப்படிப்பட்டவன் என்று காட்டிவிடுகிறார்கள். அப்போலோ என்ற தேவன் அவளைப் பலாத்காரம் செய்ததை அவள் முதலில் சொல்வது அதே ஈராஸிடம். ஹேடிஸ் வரை வந்து சேர வெகுகாலம் ஆகிறது. அந்தத் தாமதத்தை அவன்மேல் உள்ள அவநம்பிக்கையாகக் கதை காட்டாதது எனக்குப் பிடித்தது. கோபத்தில் மனிதர்களைக் கொன்றது என்ற இன்னொரு ரகசியமும் அவளிடம் உண்டு. அது விசாரணைக்கு வந்து, தேவர்களின் அரசன் ஜீயஸ் அவளைப் பூமிக்கு நாடுகடத்த, பத்து வருடப் பிரிவு விழுகிறது. ஆனால் அந்தப் பிரிவை அவர்கள்மேல் சுமத்துவது ஜீயஸ். இருவருக்கும் நடுவே விரிசல் என்று சொல்லும்படி எதுவும் பெரிதாக விழவில்லை, அதனால் பிற்பாதியில் எனக்கு ஆர்வம் குறைந்தது.

இந்த வகைக் கதைகளுக்கே உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வாரம் ஒரு எபிசோட், அடுத்ததை முன்கூட்டியே படிக்கக் காசு. இந்த ஏற்பாட்டில் தப்பபிப்பிராயத்துக்கு நல்ல விலை உண்டு. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்வதை இருபது வாரம் இழுப்பார்கள். 'அண்டர் தி ஓக் ட்ரீ'யும் இதற்கு விலக்கில்லை, சில இடங்களில் ரொம்பவே இழுக்கிறது. ஆனால் மேக்ஸியால் ஏன் பேச முடியவில்லை என்பதற்கு அவள் நாக்கிலும் முதுகிலும் காரணம் இருக்கிறது. அதனால் பொறுத்துக்கொள்ளலாம்.

என் வரிசை: நம்பிக்கைக்காகப் படிப்பதென்றால் முதலில் 'அண்டர் தி ஓக் ட்ரீ', அடுத்து 'லோர் ஒலிம்பஸ்', கடைசியில் 'ரீமேரிட் எம்ப்ரஸ்'. ஒரே இரவில் விடாமல் ஸ்க்ரோல் செய்வதற்கென்றால் அப்படியே தலைகீழ். சோவியெஷு வருந்துவதைப் பார்க்கிற சுகம் மற்ற இரண்டிலும் கிடைக்காது. இளையவர்களுக்குப் பரிந்துரைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஓக் ட்ரீ நாவலில் படுக்கையறைக் காட்சிகள் தாராளம், 'லோர் ஒலிம்பஸி'ல் பலாத்காரத்தின் பாதிப்பு நிறைய எபிசோடுகளில் தொடர்கிறது.